அரேபியாவுக்குப் போனது 6 பேர், திரும்பி வந்தது ஒருவர்: யார் இந்த கார்ஸ்டன் நீபூர்?

1761ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி. கோபன்ஹேகன் துறைமுகத்தில் இருந்து ஒரு டென்மார்க் போர்க்கப்பல் கிளம்பியது. மன்னர் ஐந்தாம் ஃபிரெடெரிக் செலவில் அரேபியாவை ஆராயப் போகும் குழு அது. மொழி அறிஞர் ஒருவர், இயற்கை விஞ்ஞானி ஒருவர், மருத்துவர் ஒருவர், ஓவியர் ஒருவர், நில அளவையாளர் ஒருவர், இவர்களுக்கு உதவியாக ஒரு வேலையாள். மொத்தம் 6 பேர்.

1767 நவம்பரில் கோபன்ஹேகனுக்குத் திரும்பி வந்தது ஒரே ஒருவர். அந்த நில அளவையாளர். பெயர், கார்ஸ்டன் நீபூர்.

மற்ற 5 பேரும் என்ன ஆனார்கள்? இவர் மட்டும் எப்படித் தப்பித்தார்? இந்தக் கேள்விக்கு நீபூரே ஒரு பதில் வைத்திருந்தார். சாப்பாடும், உள்ளூர் மக்களின் பழக்கவழக்கமும்தான் அந்தப் பதில். அது முழு உண்மையா என்பது வேறு விஷயம்.

விவசாயி மகன் எப்படி இந்தக் குழுவில் சேர்ந்தார்?

இன்றைய ஜெர்மனியின் வடக்கு ஓரத்தில் லூடிங்வொர்த் என்ற கிராமத்தில், 1733 மார்ச் 17 அன்று பிறந்தவர் நீபூர். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 20 வயதைத் தாண்டிய பிறகுதான் மறுபடியும் புத்தகத்தை எடுத்தார். ஊரில் ஒரு நிலத் தகராறு வந்தபோது அளந்து சொல்ல ஆள் இல்லை. அந்த வேலையை நாமே படித்தால் என்ன என்று தோன்றியதாம்.

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது, அரேபியா போக விருப்பமா என்று ஆசிரியர் கேட்டார். செலவை யாராவது ஏற்றுக்கொண்டால் ஏன் போகக்கூடாது என்பதுதான் நீபூரின் எண்ணம். அவ்வளவு சாதாரணமாக எடுக்கப்பட்ட முடிவு அது.

இந்தப் பயணத்துக்கான யோசனையைச் சொன்னவர் மிக்கேலிஸ் என்ற ஜெர்மன் பேராசிரியர். பைபிளில் வரும் செடிகள், விலங்குகள், வழக்கங்கள் எல்லாவற்றையும் அரேபியாவுக்கே ஆள் அனுப்பி விசாரித்தால் தெளிவு கிடைக்கும் என்பது அவர் கணக்கு. இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதல் திட்டப்படி, அப்போது டென்மார்க் வசம் இருந்த தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து அரேபியா போவதாக இருந்தது. பிறகு பாதையை மாற்றி, எகிப்து வழியாக என்று முடிவு செய்தார்கள்.

குழுவுக்குத் தலைவர் யாரும் கிடையாது, எல்லோரும் சமம் என்று அறிவித்தது டென்மார்க் அரசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அதுதான் பெரிய தலைவலி ஆனது.

சாப்பிடவே பயந்த நாட்கள்

மொழி அறிஞர் ஃபான் ஹாவன் சொகுசான மனிதர். கப்பல் புயலில் சிக்கித் திரும்பத் திரும்ப டென்மார்க் கரைக்கே வந்தபோது, தாங்க முடியாமல் இறங்கிவிட்டார். தரை வழியாக பிரான்சின் மார்செய் நகருக்குப் போய், அங்கேதான் மறுபடி கப்பல் ஏறினார். இயற்கை விஞ்ஞானி ஃபோர்ஸ்கோல் அதற்கு நேர் எதிர். கோபக்காரர், பிடிவாதக்காரர், ஆனால் அசராமல் உழைப்பவர். இருவருக்கும் ஆரம்பத்தில் இருந்தே ஆகவில்லை.

கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஃபான் ஹாவன் கடையில் ஆர்செனிக் விஷம் வாங்கிய விஷயம் மற்றவர்களுக்குத் தெரிய வந்தது. எதற்கு வாங்கினார்? யாருக்கு? மற்ற நால்வரும் அரண்டு போனார்கள். அங்கிருந்த டென்மார்க் தூதருக்கு எழுதினார்கள். இவரைக் குழுவில் இருந்து நீக்குங்கள் என்ற கோரிக்கை கோபன்ஹேகன் வரை போனது. நீக்கவில்லை. கடைசி வரை யாருக்கும் அவர் விஷம் வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் சமைத்துச் சாப்பிட வேண்டிய 6 பேருக்கு நடுவில் இப்படி ஒரு சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் எப்படி இறங்கியிருக்கும்?

எகிப்தில் ஓராண்டு தங்கினார்கள். பிறகு செங்கடல் வழியாக, 1762 அக்டோபர் இறுதியில் ஜித்தா. டிசம்பர் கடைசியில் ஏமன் நாட்டு லுஹைய்யா துறைமுகம். ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் செழிப்பான அரேபியா என்று அழைத்த பகுதி இதுதான்.

லுஹைய்யாவில் கிடைத்த வரவேற்பு

வியாபாரம் செய்யாத ஐரோப்பியர்களை லுஹைய்யா மக்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊரின் அமீர் ஃபர்ஹான், ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டவர். சிறு வயதில் அடிமையாக வந்து, படிப்படியாக உயர்ந்து ஆட்சிப் பொறுப்புக்கு வந்தவர். விருந்தாளிகள் கரை இறங்கியதும் கொழுத்த ஆடு ஒன்றை அனுப்பிவைத்தார். தங்க வீடும் கிடைத்தது.

வீட்டு முற்றத்தில் தினமும் கூட்டம். வெள்ளைக்காரர்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஊரே வந்தது. கடைசியில் வாசலில் ஒரு காவலாளியை வைத்து, வேலை இருக்கிறவர்களை மட்டும் உள்ளே விட வேண்டியதாயிற்று. உடனே ஊரில் நோயாளிகள் அதிகமாகிவிட்டார்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உள்ளே போய்விடலாமே!

மருத்துவர் கிராமரிடம் ஒரு குதிரைக்கும் வைத்தியம் பார்க்கச் சொன்னார்கள். அவர் கௌரவம் பார்த்து மறுத்துவிட்டார். வேலையாள் பெர்க்ரென் முன்னாள் குதிரைப்படை வீரர். அவர் போய்ப் பார்த்தார், குதிரைக்குக் குணமானது. அதன் பிறகு மனிதர்களுக்கும் வைத்தியம் பார்க்க அவரையே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஃபோர்ஸ்கோல் அமீருக்கு நுண்ணோக்கியைக் காட்டிய கதையும் உண்டு. காட்டுவதற்கு ஒரு பேன் தேவைப்பட்டது. என் தலையில் பேன் இருக்கிறது என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? சில்லறை தருகிறோம் என்றதும் ஒரு பணியாள் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பூதம் மாதிரி தெரிகிறது. இவ்வளவு பெரிய பேன் எங்கள் ஊரில் கிடையாது, இது ஐரோப்பியப் பேனாகத்தான் இருக்கும் என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்களாம்.

நீபூரும் ஓவியர் பௌரன்ஃபைண்டும் மாலையில் வயலின் வாசிப்பார்கள். வயதான பணக்கார வியாபாரி ஒருவர், வீட்டுக்கு வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டு அனுப்பினார். இருவரும் போகவில்லை. காரணம், ஏமனில் இசைக்காரர்களுக்கு மரியாதை குறைவு. வீடு வீடாகப் போய் வாசித்தால் கூலிக்கு வாசிப்பவர்கள் என்ற பெயர் வந்துவிடும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. வியாபாரியும் விடவில்லை. கழுதையில் ஏறி அவரே வந்து கேட்டார். போகும்போது பணம் கொடுத்தார். அவர்கள் வாங்கவில்லை. வந்து இரண்டு மாதம்கூட ஆகாத விருந்தாளிகளுக்கு இந்த நுணுக்கம் பிடிபட்டது பெரிய விஷயம்தான்.

கத்தி, கரண்டி இல்லாத நீபூர்

1763 பிப்ரவரியில் லுஹைய்யாவை விட்டுக் கிளம்பி, பைத் அல் ஃபகீஹ் என்ற ஊருக்குப் போனார்கள். அன்றைக்கு உலகின் முக்கியமான காபிச் சந்தைகளில் ஒன்று அது. அங்கிருந்து நீபூர் தனியாகவும், சில சமயம் ஃபோர்ஸ்கோலுடனும் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தார்.

அப்போது அவரைப் பார்த்திருந்தால் மன்னர் அனுப்பிய விஞ்ஞானி என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தலையில் தலைப்பாகை, உடம்பில் சட்டையும் கையில்லாத மேலங்கியும், காலில் செருப்பு. சவாரிக்கு வாடகைக் கழுதை. ஒரு பழைய கம்பளம் இருந்தது. அதுதான் கழுதை மேல் சேணம், இறங்கினால் உட்காரும் பாய், சாப்பாட்டு மேஜை, ராத்திரியில் படுக்கை. வெயிலுக்குத் தோளில் போட்ட துணிதான் போர்வை. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குடுவை. கத்தி, முள்கரண்டி, கரண்டி எதையும் அவர் தேடவில்லை. அரேபியர்களைப் போலவே கையால் சாப்பிடப் பழகிவிட்டார்.

ஆனால் பழகுவது சுலபமாக இல்லை. ஏமனின் கடற்கரைப் பகுதியில் ஏழைகளின் தினசரி உணவு சோள ரொட்டி. சுடச்சுட, வெண்ணெயோ ஒட்டகப் பாலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். நீபூருக்கு ஆரம்பத்தில் அது தொண்டையில் இறங்கவே இல்லை. ஐரோப்பாவில் சாப்பிட்ட மட்டமான பார்லி ரொட்டியே மேல் என்று தோன்றியது. ஆனால் உள்ளூர்க்காரர்களோ பார்லி ரொட்டியை மதிக்கவில்லை. அது வயிற்றில் நிற்காது என்பது அவர்கள் கட்சி. களியும் கூழும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் நன்றாகவே புரியும்.

வழியில் எங்கே சாப்பிட்டார்கள்?

இன்றைக்கு வெளிநாடு போகிறவர்கள் முதலில் தேடுவது ஓட்டலைத்தான். 1763இல் ஏமனின் மணல்வெளிப் பாதைகளில் இரண்டு வழிதான் இருந்தது.

ஒன்று, வழியோரக் காபிக் குடிசை. ஓலையும் குச்சியும் வைத்துக் கட்டியது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் கிஷர். காபிக்கொட்டையின் மேல்தோலை வறுத்துக் காய்ச்சும் பானம். மண் கோப்பையில் சூடாகத் தருவார்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. உலகத்துக்கே காபி விற்ற ஏமன் மக்கள், தாங்கள் மட்டும் கொட்டையை விட்டுவிட்டுத் தோலைத்தான் விரும்பிக் குடித்தார்கள். வெப்ப நாட்டுக்கு இதுதான் உடம்புக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. ஏமனில் இன்றும் கிஷர் குடிக்கிறார்கள்.

இன்னொன்று, மன்சில். வசதி படைத்த யாராவது ஒருவர் பயணிகளுக்காக நடத்தும் இலவச விடுதி. எல்லோருக்கும் ஒரே பொது அறை, கயிற்றுக் கட்டில், கிஷர், சூடான சோள ரொட்டி, ஒட்டகப் பால், வெண்ணெய். நம் ஊர்ச் சத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஓர் இடத்தில் குழு தங்கியபோது, ஐரோப்பிய விருந்தாளிகள் வந்திருப்பது தெரிந்து விடுதியின் சொந்தக்காரரே நேரில் வந்துவிட்டார். பணியாட்கள் சரியாகக் கவனிக்கிறார்களா என்று பார்த்தார். அந்தப் பக்கத்தில் அரிதான கோதுமை ரொட்டி வரவழைத்தார். ஒட்டகப் பால் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் பசும்பால் வந்தது. இன்னும் கொஞ்சம் தங்குவதாக இருந்தால் ஆடு அறுக்கவும் தயாராக இருந்தார். இத்தனைக்கும் வந்தவர்கள் வேறு மதம், வேறு மொழி, மறுபடி சந்திக்கவே போகாதவர்கள்.

வசதியான வீடுகளில் சாப்பாடு எப்படி நடந்தது என்பதையும் நீபூர் விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். தரையில் விரிப்பு. நடுவில் ஒரு அடி உயரத்துக்குச் சின்ன மேஜை, அதன் மேல் ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டு. சுற்றி உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, எல்லோரும் ஒரே தட்டில் இருந்து வலது கையால் சாப்பிட வேண்டும். இடது கை உணவில் படக்கூடாது. காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் சஹன் சாப்பாட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். சஹன் என்ற சொல்லே அரபுச் சொல்.

ஐரோப்பியருக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. சாப்பிடும்போது அங்கே அதிகம் பேச்சு கிடையாது. வேகமாகச் சாப்பிடுவார்கள். யாருக்குப் போதுமோ அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்து கை கழுவப் போய்விடலாம். மற்றவர்கள் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, உட்கார்ந்திருப்பவர்களும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாலைவன ஷேக்குகளின் கூடாரத்தில் பெரிய மரத்தட்டில் சோறு வரும். ஒரு வரிசை சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த வரிசை உட்காரும், தட்டு காலியாகும் வரை. தண்ணீர் சாப்பாட்டின் நடுவே அல்ல, முடிந்த பிறகு. அதற்கப்புறம் காபி.

பாலைவன அரேபியர் ஒருவரோடு சேர்ந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டால், அதன் பிறகு அவர் உங்களைக் கைவிட மாட்டார் என்பதும் அவர் குறித்துவைத்த வழக்கங்களில் ஒன்று. கொள்ளையர்கள் திரியும் பாதையில் அது உயிர்க் காப்பு.

காத் இலை மட்டும் நீபூருக்குப் பிடிக்கவில்லை. ஏமன்காரர்கள் நாம் வெற்றிலை போடுவது போல மணிக்கணக்கில் மெல்லும் இலை. வாய் வறண்டு, தூக்கமும் போய்விடுகிறது என்று ஒதுங்கிக்கொண்டார். ஆனால் வெட்டுக்கிளி விஷயத்தில் அவருடைய நியாயம் அழகானது. அரேபியர்கள் வெட்டுக்கிளியை வறுத்து ருசித்துச் சாப்பிடுவது ஐரோப்பியருக்கு அருவருப்பாக இருக்கிறது. அதே அரேபியரிடம் கிறிஸ்தவர்கள் நண்டும் சிப்பியும் ஆசையாகச் சாப்பிடுவார்கள் என்று சொன்னால் அவர்களாலும் நம்ப முடியவில்லை. இதில் யாரை யார் கேலி செய்வது?

மோக்காவில் வெடித்த பிரச்சினை

1763 ஏப்ரலில் குழு மோக்கா துறைமுகத்துக்கு வந்தது. காபி ஏற்றுமதியால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஊர். அதுவரை கிடைத்த மரியாதை எல்லாம் இங்கே ஒரே நாளில் காற்றில் பறந்தது.

சுங்கச் சாவடியில் அவர்கள் மூட்டைகளைத் திறந்தார்கள். ஃபோர்ஸ்கோல் பாடுபட்டுச் சேர்த்த மீன்கள் சாராயம் நிரப்பிய ஜாடிகளில் இருந்தன. அதிகாரி குத்திக் கிளறினார். நாற்றம் சாவடி முழுக்கப் பரவியது. அடுத்து வந்த ஜாடியில் பாம்புகள். அவ்வளவுதான். முஸ்லிம்களை விஷம் வைத்துக் கொல்ல வந்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, ஊர் நிர்வாகி கொதித்துப் போனார். வாடகைக்கு எடுத்த வீட்டில் இருந்து அவர்களுடைய புத்தகங்களும் துணிமணிகளும் வெளியே வீசப்பட்டன. வேறு வீடு கொடுக்கவும் ஆள் இல்லை.

சுங்க அதிகாரியின் இடத்தில் இருந்து பார்த்தால் இதில் கொஞ்சம் நியாயம் தெரியும். மது விலக்கப்பட்ட ஊர். சாராயத்தில் ஊறிய பாம்போடு ஒருவர் வந்து, இது அறிவியல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் பம்பாயில் இருந்து வந்திருந்த பிரான்சிஸ் ஸ்காட் என்ற ஆங்கில வியாபாரி. வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். நிர்வாகிக்கு 50 தங்க நாணயம் அன்பளிப்பாகக் கொடுக்க ஏற்பாடானது. அதே நாட்களில் வீரர்களின் பயிற்சியில் குண்டு பாய்ந்து நிர்வாகியின் காலில் காயம். உள்ளூர் வைத்தியம் பலிக்காமல், நேற்று விரட்டிய கூட்டத்தில் இருந்த கிராமருக்குத்தான் ஆள் வந்தது. காயம் ஆற ஆற, உறவும் சரியானது.

உடம்புதான் யாருக்கும் சரியாகவில்லை.

ஒருவர் பின் ஒருவராக

முதலில் காய்ச்சல் வந்தது நீபூருக்குத்தான். பிழைத்துக்கொண்டார். அடுத்து ஃபான் ஹாவன். 1763 மே 25 அன்று மோக்காவில் இறந்தார்.

ஜூனில் மீதி 5 பேரும் மலைப் பகுதி வழியாக சனா நகரத்துக்குக் கிளம்பினார்கள். வழியில் ஃபோர்ஸ்கோல் படுத்துவிட்டார். அவரைத் தூக்கிச் செல்ல ஆள் கேட்டார்கள். கிறிஸ்தவரைச் சுமக்க யாரும் முன்வரவில்லை. ஒட்டகத்தின் மேல் கட்டிலை வைத்துக் கொண்டுபோனார்கள். யரிம் என்ற ஊரில் ஜூலை 11 அன்று அவர் உயிர் பிரிந்தது. வயது 31. அடக்கத்துக்கும் ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. சவப்பெட்டியில் வைத்துப் புதைத்ததே தவறாகப் போனது. உள்ளூரில் அந்த வழக்கம் இல்லாததால், பெட்டியில் ஏதோ புதையல் இருக்கிறது என்று நினைத்துச் சிலர் பிறகு தோண்டிவிட்டார்கள். தாய்மண்ணுக்கு ஏற்ற மரியாதை, வந்த மண்ணில் சந்தேகமாகிவிட்டது.

மோக்காவில் அவமானம், யரிமில் இந்தத் துயரம். ஆனால் ஒரே வாரத்தில் சனாவில் நிலைமை தலைகீழ். இமாம் அல்மஹ்தி அப்பாஸ் அவர்களைத் தோட்ட வீட்டில் தங்கவைத்தார். 5 ஆடு, மூன்று ஒட்டகச் சுமை விறகு, மெழுகுவர்த்தி, அரிசி, மசாலா எல்லாம் வந்து இறங்கின. தர்பாரில் இமாமின் கையையும் அங்கியின் ஓரத்தையும் முத்தமிட வேண்டும் என்பது முறை. உள்ளங்கையையும் முத்தமிட விட்டது தனிச் சலுகை. நீபூர் குனிந்ததும் கட்டியக்காரர் ஒருவர் உரக்கக் கத்த, கூட்டமே சேர்ந்து முழங்கியது. என்னவோ தப்பு செய்துவிட்டோம் என்று அவர் ஒரு கணம் நடுங்கிப் போனார். அது இமாமை வாழ்த்தும் முழக்கம்தான்.

சந்தைச் செலவுக்கென்று இமாம் சில்லறையும் அனுப்பினார். யாரிடமும் காசு வாங்குவதில்லை என்று இருந்தவர்கள், மறுத்தால் விருந்து கொடுப்பவரை அவமதித்ததாகிவிடும் என்று வாங்கிக்கொண்டார்கள். லுஹைய்யா வியாபாரியின் பணத்தை வாங்காததும், சனாவில் இமாமின் பணத்தை வாங்கியதும் ஒரே புரிதலில் இருந்து வந்தவைதான். விடைபெறும்போது ஆளுக்கொரு ஏமன் உடுப்பு. நீபூரின் புத்தகத்தில் அந்த உடையில் அவர் நிற்கும் படம் இருக்கிறது.

இன்னும் தங்குங்கள் என்றார்கள். ஆனால் எல்லோருக்கும் காய்ச்சல், மோக்காவில் ஆங்கிலக் கப்பல் காத்திருந்தது. 1763 ஆகஸ்டில் பம்பாய்க்குக் கப்பல் ஏறினார்கள். நடுக்கடலில் ஆகஸ்ட் 29 அன்று ஓவியர் பௌரன்ஃபைண்ட் இறந்தார். அடுத்த நாள் பெர்க்ரென். இருவருக்கும் கடலிலேயே அடக்கம். 1764 பிப்ரவரியில் பம்பாயில் மருத்துவர் கிராமரும் போய்விட்டார்.

இப்போது நீபூர் மட்டும்.

சாப்பாடுதான் காப்பாற்றியதா?

1772இல் வந்த தன் அரேபியப் புத்தகத்தில் நீபூர் யார் மீதும் பழி போடவில்லை. தப்பு எங்களுடையது என்றுதான் எழுதினார். வெப்ப நாட்டில் ஐரோப்பா மாதிரியே வாழப் பார்த்தோம், நிறைய இறைச்சி சாப்பிட்டோம், மாலைக் குளிர்காற்றில் கவனமில்லாமல் இருந்தோம் என்பது அவர் சொன்ன காரணம். தனியாளான பிறகு உணவு, உடை எல்லாவற்றிலும் உள்ளூர் முறைக்கே முழுசாக மாறினார். உடம்பும் தேறியது.

இன்றைய பார்வையில் அவர்களைக் கொன்றது பெரும்பாலும் மலேரியா. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்ததே 1897இல், அதாவது 134 வருடம் கழித்து. ஆடு சாப்பிட்டாலும் சோள ரொட்டி சாப்பிட்டாலும் கொசு ஒரே மாதிரிதான் கடிக்கும். நீபூருக்கும் அதே காய்ச்சல் பலமுறை வந்தது. பிழைத்ததில் அதிர்ஷ்டத்துக்கும் வலுவான உடம்புக்கும் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அவருடைய பழக்கம் வேறொரு விதத்தில் காப்பாற்றியது. அடுத்த மூன்று ஆண்டுகள் அவர் தனியாகக் கடந்த பாதையைப் பாருங்கள். பம்பாயில் 14 மாதம் இருந்து எலிஃபன்டா குகைச் சிற்பங்களை அளந்து வரைந்தார். 1764 டிசம்பரில் கிளம்பி மஸ்கட், அங்கிருந்து ஈரான், பாஸ்ரா, பாக்தாத், மோசுல், அலெப்போ, சைப்ரஸ், ஜெருசலேம், கடைசியில் இஸ்தான்புல். காவலுக்குப் படை இல்லை, கூட ஐரோப்பிய நண்பர் இல்லை. அப்துல்லா என்ற பெயரில், வழிப்போக்கர்களில் ஒருவராக, அவர்கள் தட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு போனார். வந்தது யார் என்று யாரும் திரும்பிப் பார்க்காததே அவருக்குப் பாதுகாப்பு.

அந்தப் பயணத்தில் 1765 மார்ச்சில் ஈரானின் பெர்சபொலிஸ் இடிபாடுகளில் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து, யாராலும் படிக்க முடியாத ஆப்பு வடிவ எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். சுட்டெரிக்கும் வெயிலில் பளபளக்கும் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டது. அந்தப் பிரதிகளை வைத்துத்தான் 1802இல் கோட்டிங்கன் பள்ளி ஆசிரியர் குரோட்டஃபெண்ட் பழைய பாரசீக எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்.

ஊர் திரும்பிய பிறகு

கோபன்ஹேகனில் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. அனுப்பிய மன்னர் 1766இலேயே இறந்துவிட்டார். புது ஆட்சிக்கு அரேபியாவில் ஆர்வம் இல்லை. புத்தகச் செலவின் பெரும்பகுதி நீபூரின் கைக்காசு. அதிலும் முதலில் தன் பயணக் கதையை முடிக்க வேண்டும் என்று அவர் அவசரப்படவில்லை. இறந்துபோன ஃபோர்ஸ்கோலின் குறிப்புகளைத் தேடி ஒழுங்குபடுத்தி, செடிகள் பற்றியும் விலங்குகள் பற்றியும் 1775இல் நண்பரின் பெயரிலேயே வெளியிட்டார். ஏமன் மலைகளில் அவர் பறித்த செடிகளும், காகிதத்தில் ஒட்டி உலர்த்திய மீன் தோல்களும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இப்போதும் இருக்கின்றன.

பிரபுப் பட்டம் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். 1778இல் மெல்டோர்ஃப் என்ற சின்ன ஊரில் அரசு எழுத்தர் வேலைக்குப் போய், மிச்ச வாழ்க்கையை அங்கேயே கழித்தார். ராத்திரியில் மகன் பார்த்தோல்டுக்குக் கிழக்கு நாடுகளின் கதைகளைச் சொல்வார். அந்தப் பையன்தான் பின்னாளில் ரோமாபுரி வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற பார்த்தோல்ட் நீபூர். அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே.

கடைசி ஆண்டுகளில் நீபூருக்குப் பார்வை முழுமையாகப் போய்விட்டது. 1815 ஏப்ரல் 26 அன்று, 82 வயதில் மெல்டோர்ஃபில் இறந்தார். பயண நூலின் மூன்றாம் பாகம் அவர் கண்ணில் படாமலே, 1837இல்தான் அச்சேறியது.